83 வாரப் பூட்டு

கொரோனா கிருமி குழந்தைகளைப் பெருமளவில் கொல்லவில்லை. ஆனால் ஏழை நாடுகளின் குழந்தைகளிடமிருந்து அது பறித்துக்கொண்டது கொஞ்சநஞ்சமில்லை. உகாண்டாவில் தொடங்கி விழுப்புரம் வரை ஒரு பார்வை.

2022 ஜனவரி 10, திங்கட்கிழமை. உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் காலையிலேயே சாலைகள் பிதுங்கி வழிந்தன. சுருட்டிய மெத்தைகளைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் தெருக்களில் நடந்துபோனார்கள். அந்த நாட்டில் விடுதிப் பள்ளிகள் அதிகம். விடுதிக்குப் போகும் பிள்ளை, படுக்கையை வீட்டிலிருந்துதான் கொண்டுபோக வேண்டும். கிட்டத்தட்ட இரண்டு ஆண்டுகள் வீட்டில் முடங்கிக் கிடந்த மெத்தைகள் அன்றைக்குத்தான் வெளியே வந்தன.

கொரோனா காலத்தில் உலகிலேயே மிக நீண்ட நாள் பள்ளிகளைப் பூட்டி வைத்த நாடு உகாண்டா. முழுவதுமாகவோ பகுதியாகவோ 83 வாரங்கள் என்கிறது யுனெஸ்கோவின் கணக்கு. 2020 மார்ச் 20 அன்று பள்ளிகள் மூடப்பட்டபோது அங்கே ஒருவருக்குக்கூடத் தொற்று உறுதியாகியிருக்கவில்லை. முதல் நோயாளி கண்டறியப்பட்டது மறுநாள். மூடும்போது ஒரு மாதத்துக்குத்தான் என்று சொன்னார்கள்.

அந்த ஒரு மாதம் நீண்டுகொண்டே போனது. 2020 அக்டோபரில் பொதுத்தேர்வு எழுதும் வகுப்புகளை மட்டும் அழைத்தார்கள். 2021இல் மற்ற வகுப்புகளை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டார்கள். கடைக்குட்டி வகுப்புகளின் முறை வருவதற்குள் இரண்டாம் அலை வந்துவிட்டது. ஜூனில் மறுபடியும் பூட்டு. 2020 மார்ச்சில் ஆணியில் மாட்டிய புத்தகப் பையை, சின்னஞ்சிறு வகுப்புப் பிள்ளைகள் 2022 ஜனவரியில்தான் எடுத்தார்கள்.

பாதிக்கப்பட்ட மாணவர்கள் சுமார் 1.5 கோடி. அவர்களில் எத்தனை பேர் திரும்பி வருவார்கள் என்று அந்நாட்டின் தேசியத் திட்ட ஆணையம் 2021இல் கணக்குப் போட்டுப் பார்த்தது. 30 சதவிகிதம் பேர், அதாவது ஏறத்தாழ 45 லட்சம் பிள்ளைகள் வராமலே போகலாம் என்று விடை வந்தது. 3,507 தொடக்கப் பள்ளிகளும் 832 உயர்நிலைப் பள்ளிகளும் நிரந்தரமாக மூடப்படலாம் என்றும் அது எச்சரித்தது.

வகுப்பறையிலிருந்து கல்குவாரிக்கு

உகாண்டாவில் தனியார் பள்ளி என்றால் பணக்காரப் பள்ளி என்று அர்த்தமில்லை. அரசுப் பள்ளி எட்டாத இடங்களில், கூலி வேலை செய்பவர்களும் சிறு வியாபாரிகளும் தங்கள் பிள்ளைகளை அனுப்புகிற சின்னச் சின்னப் பள்ளிகள் ஏராளம். கட்டணம் வந்தால்தான் அங்கே ஆசிரியருக்குச் சம்பளம். பள்ளி மூடியதும் கட்டணம் நின்றது, சம்பளமும் நின்றது. கடன் வாங்கிக் கட்டிய கட்டடத்துக்குத் தவணை மட்டும் நிற்கவில்லை. பள்ளிக் கட்டடங்கள் சில தங்கும் விடுதிகளாகவும் கடைகளாகவும் மாறின. ஆசிரியர்கள் 'போடா போடா' எனப்படும் பைக் டாக்சி ஓட்டினார்கள், வயலில் இறங்கினார்கள். பிழைக்க வேறு வழி கிடைத்த பின் பலர் கரும்பலகைக்குத் திரும்பவில்லை.

பிள்ளைகளும் வேலைக்குப் போனார்கள். மனித உரிமைகள் கண்காணிப்பகம் 2021 மே மாதம் கானா, நேபாளம், உகாண்டா ஆகிய மூன்று நாடுகளிலும் வேலை பார்த்துக்கொண்டிருந்த 81 சிறுவர் சிறுமியரிடம் பேசி ஓர் அறிக்கை வெளியிட்டது. மிக இளையவருக்கு வயது 8. செங்கல் சூளை, கல்குவாரி, தங்கச் சுரங்கம், மீன்பிடிப்பு, தெருவில் பொருள் விற்பது என்று கிடைத்த வேலையெல்லாம் பார்த்திருந்தார்கள். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்கள் நாளொன்றுக்கு 10 மணி நேரத்துக்குக் குறையாமல் உழைத்தவர்கள். வேலைக்குப் போனதற்கு அநேகமாக எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே: ஊரடங்கில் பெற்றோரின் வருமானம் போய்விட்டது, வீட்டில் சாப்பாடு இல்லை.

பெண் பிள்ளைகளுக்கு நேர்ந்தது வேறு வகை. உகாண்டாவில் 10 முதல் 24 வயதுக்குள் கர்ப்பமாகி, முதல் பரிசோதனைக்கு மருத்துவமனை வந்தவர்களின் எண்ணிக்கையை யுனிசெஃப் எடுத்துப் பார்த்தது. 2020 மார்ச்சில் 80,653. 2021 ஜூனில் 98,810. ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் கூடியிருந்தது. காலை 8 மணி முதல் மாலை வரை ஆசிரியர்களின் கண்பார்வையில் இருந்த ஒரு சிறுமி, இப்போது நாள் முழுக்கத் தனியாக வீட்டில் இருந்தாள், அல்லது சந்தையில் ஏதோ விற்றுக்கொண்டிருந்தாள். உகாண்டாவின் புள்ளிவிவரத்துக்குப் பின்னே இருப்பது இதுதான்.

மீண்டும் பள்ளி திறந்தபோது கர்ப்பிணிச் சிறுமிகளையும் கைக்குழந்தையோடு வருபவர்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கல்வி அமைச்சகம் உத்தரவிட்டது. நல்ல உத்தரவு. ஆனால் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு, அந்தச் சிறுமியின் வீட்டில்தான் விடை தேட வேண்டியிருந்தது.

சியரா லியோன் ஏற்கெனவே படித்த பாடம்

இப்படியெல்லாம் ஆகும் என்று யாருக்கும் தெரியாது என்று சொல்லிவிட முடியாது. மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோன் ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே இதை அனுபவித்திருந்தது.

2014இல் அங்கே எபோலா பரவியது. விடுமுறைக்குப் போன பிள்ளைகள் திரும்பிப் பள்ளிக்கு வந்தது 2015 ஏப்ரல் 14 அன்று. இடைப்பட்ட மாதங்களில் 18,000 சிறுமிகள் கர்ப்பமடைந்ததாக ஐ.நா. மக்கள்தொகை நிதியம் மதிப்பிட்டது. பள்ளி திறந்தபோது அரசு செய்த காரியம்தான் கொடுமை. கர்ப்பமாகத் தெரியும் சிறுமிகள் வகுப்புக்கு வரக்கூடாது, தேர்வு எழுதக்கூடாது என்று தடை போட்டது. பாதிக்கப்பட்டவளுக்கே தண்டனை.

அந்தத் தடைக்கு எதிராக வழக்கு நடந்தது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு நீதிமன்றம் 2019 டிசம்பரில், தடை செல்லாது என்று தீர்ப்பளித்தது. 2020 மார்ச் 30 அன்று சியரா லியோன் அரசு தடையை விலக்கிக்கொண்டது. ஐந்து ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த வெற்றி. மறுநாள், மார்ச் 31 அன்று, நாட்டின் முதல் கொரோனா நோயாளி கண்டறியப்பட்டார். பள்ளிகள் எல்லோருக்கும் மூடப்பட்டன.

ஆனாலும் அடிபட்ட நாடு கொஞ்சம் விழித்துக்கொண்டிருந்தது. எபோலா காலத்தில் நடத்திய வானொலிப் பாடங்களைத் தூசி தட்டி எடுத்துச் சில நாட்களிலேயே ஒலிபரப்பத் தொடங்கியது. பள்ளிகளையும் உகாண்டாபோல இரண்டு ஆண்டுகள் மூடி வைக்கவில்லை. 2020 அக்டோபரிலேயே திறந்துவிட்டது.

சோறும் ஊசியும் நின்றன

2020 ஏப்ரலில் உலகம் முழுக்க ஏறத்தாழ 160 கோடி மாணவர்களுக்குப் பள்ளி இல்லை. வசதியான நாட்டுப் பிள்ளைகள் கணினித் திரைக்கு மாறினார்கள். குறைந்தது 46.3 கோடிப் பிள்ளைகளுக்கு இணையம், தொலைக்காட்சி, வானொலி என்று எந்த வழியிலும் பாடம் எட்டவில்லை என்று யுனிசெஃப் அந்த ஆகஸ்டில் சொன்னது.

பாடம் போனது ஒரு பக்கம். ஏழை வீட்டுப் பிள்ளைக்குப் பள்ளி என்பது மதியச் சாப்பாடு கிடைக்கிற இடமும்கூட. பள்ளிகள் மூடப்பட்டதால் 37 கோடிப் பிள்ளைகள் பள்ளி உணவை இழந்ததாக உலக உணவுத் திட்டம் கணக்கிட்டது. 1956இல் காமராஜர் மதிய உணவையும் 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவையும் எதற்காகக் கொண்டுவந்தார்கள் என்பது தெரிந்த தமிழ் வாசகருக்கு இந்த எண்ணின் கனம் புரியும். இந்தியாவில் உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 18 அன்றே, பள்ளி மூடினாலும் மதிய உணவு நிற்கக்கூடாது என்று தானாக முன்வந்து விசாரணையைக் கையில் எடுத்தது. தமிழ்நாட்டில் அரிசியும் பருப்பும், பின்னர் முட்டையும் பெற்றோர் கையில் கொடுக்கப்பட்டன. வீட்டுக்கு வந்த அரிசி வீட்டுப் பானையில் விழுந்தது. வேலையில்லாத அப்பா, பாட்டி, தம்பி, தங்கை எல்லோருக்கும் பங்கு போட்டது போக மிச்சம்தான் பள்ளிப் பிள்ளைக்கு. சத்துணவுக் கூடத்தில் தட்டை நீட்டி வாங்கிய சூடான சோறும் ஒரு முழு முட்டையும் அந்தப் பிள்ளைக்கே உரியவையாக இருந்தன.

தடுப்பூசியும் சறுக்கியது. செவிலியர்கள் கொரோனா பணிக்கு இழுக்கப்பட்டார்கள். தாய்மார்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரப் பயந்தார்கள். பேருந்தும் ஓடவில்லை. தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி ஆகிய மூன்றுக்குமான முத்தடுப்பு ஊசியின் மூன்று தவணையும் போட்டுக்கொண்ட குழந்தைகள் 2019இல் உலக அளவில் 86 சதவிகிதம். 2021இல் அது 81 ஆனது. அந்த ஓராண்டில் மட்டும் 2.5 கோடிக் குழந்தைகளுக்குக் குறைந்தது ஒரு தவணையாவது தவறியது. 30 ஆண்டுகளில் காணாத சரிவு இது.

விளைவு வெளியே தெரியக் கொஞ்ச காலம் பிடித்தது. 2022 ஏப்ரலில் ஜிம்பாப்வேயின் கிழக்குப் பகுதியில் உள்ள மனிக்கலாந்து மாகாணத்தில் தட்டம்மை தலைகாட்டியது. தடுப்பூசியை மறுக்கும் மதப்பிரிவுகள் அங்கே முன்பிருந்தே உண்டு. கொரோனா காலத்தில் தவறிய ஊசிகளும் சேர்ந்துகொண்டதால் நோய் நாடு முழுக்கப் பாய்ந்தது. 700க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். அதே ஆண்டு பிப்ரவரியில் மலாவியில் ஒரு குழந்தைக்குப் போலியோ வந்தது உறுதியானது. போலியோவின் இயற்கை வகைக் கிருமியை ஒழித்துவிட்டதாக ஆப்பிரிக்கா 2020 ஆகஸ்டில்தான் கொண்டாடியிருந்தது. 2022 கடைசியில் மும்பையின் குடிசைப் பகுதிகளிலும் தட்டம்மைக்குக் குழந்தைகள் பலியானார்கள்.

கொரோனா இறப்புகளில் வயதும் பதிவான 44 லட்சம் பேரின் விவரத்தை வைத்துப் பார்த்தால், 20 வயதுக்குட்பட்டவர்கள் ஆயிரத்துக்கு நான்கு பேர்தான். தட்டம்மைக்கு அந்தக் கருணை கிடையாது. அது முதலில் தேடுவதே குழந்தைகளைத்தான்.

அப்பா இல்லாத வீடு

பெரியவர்கள் இறந்தால், பின்னால் நிற்பது குழந்தைகள். இந்தக் கோணத்தில் முதலில் எண்ணிப் பார்த்த ஆய்வு 2021 ஜூலையில் லான்செட் இதழில் வந்தது. தொற்றின் முதல் 14 மாதங்களில் 15 லட்சம் குழந்தைகள் தாயையோ தந்தையையோ, தங்களோடு இருந்து வளர்த்த தாத்தா பாட்டியையோ இழந்திருந்தார்கள். பின்னர் வந்த மதிப்பீடுகளில் இந்த எண் ஒரு கோடியைத் தாண்டியது. பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளில் நான்கில் மூன்று பேர் இழந்தது அப்பாவை. சம்பாதித்துக்கொண்டிருந்தவர் போய்விட்டால், வீட்டு வாடகைக்கும் அரிசிக்கும் அடுத்து வெட்டு விழுவது பள்ளிக் கட்டணத்தில்.

மக்கள்தொகைக்கு ஏற்பப் பார்த்தால் மிக மோசமாக அடிபட்ட நாடு பெரு. அங்கே நூறு குழந்தைகளுக்கு ஒருவர், வளர்த்தவரை இழந்திருந்தார். அந்நாட்டு அரசு, கொரோனாவால் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு மாதம் 200 சோல் உதவித்தொகை கொடுத்தது. இந்தியாவில் 2020 ஏப்ரல் முதல் கொரோனாவாலும் பிற காரணங்களாலும் 1,47,492 குழந்தைகள் பெற்றோரில் ஒருவரையோ இருவரையுமோ இழந்ததாகத் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. இருவரையுமே இழந்தவர்கள் 10,094 பேர். மொத்த எண்ணிக்கையில் தமிழ்நாட்டின் கணக்கு 11,014. கொரோனாவால் பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தையின் பெயரில் 5 லட்சம் ரூபாய் வைப்புத்தொகை, 18 வயதில் வட்டியோடு கிடைக்கும் என்று 2021 மே மாதம் தமிழக அரசு அறிவித்தது.

பணம் ஒரு கை கொடுக்கும். ஆனால் அந்தக் குழந்தை யார் வீட்டில் வளர்கிறது, படிப்பை விட்டுவிட்டதா, சித்தப்பா கடையில் நிற்கிறதா என்று ஆண்டுதோறும் போய்ப் பார்க்கிற கண்ணும் வேண்டும். அதற்கும் ஆள் வேண்டும், சம்பளம் வேண்டும்.

வாக்காளருக்குத் திறந்த வகுப்பறை

தமிழ்நாட்டில் 1 முதல் 8 வரையிலான வகுப்புகள் 2020 மார்ச்சில் மூடி 2021 நவம்பர் 1 அன்று திறந்தன. 19 மாதங்கள். நடுவே 2021 ஏப்ரல் 6 அன்று அதே வகுப்பறைகள் திறந்தன. சட்டமன்றத் தேர்தலுக்கு வாக்குச்சாவடிகளாக. இரண்டாம் அலை தணிந்ததும் ஜூன் நடுவில் பெரும்பாலான மாவட்டங்களில் மதுக்கடைகள் திறந்தன. ஆகஸ்ட் 23இல் திரையரங்குகள் திறந்தன. ஆறு வயதுக் குழந்தையின் வகுப்பு அதற்கும் பிறகுதான். இந்த வரிசை தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. வங்கதேசத்தில் 18 மாதம் பள்ளிகள் பூட்டிக் கிடந்தன. பிலிப்பைன்ஸில் பிள்ளைகள் முழுமையாக வகுப்புக்குத் திரும்ப 2022 ஆனது. தொழிற்சாலைக்கும் சந்தைக்கும் வாதாட ஆள் இருந்தது. குழந்தைகளுக்கு வாக்கும் இல்லை, சங்கமும் இல்லை.

இடைப்பட்ட காலத்தில் கல்வித் தொலைக்காட்சி இருந்தது, வாட்ஸ்அப்பில் வீட்டுப்பாடம் வந்தது. யாருக்கு எட்டியது? பொருளாதார அறிஞர்கள் ஜான் திரேஸ், ரீதிகா கேரா உள்ளிட்டோர் 2021 ஆகஸ்டில் 15 மாநிலங்கள், ஒன்றியப் பிரதேசங்களில் ஏழை வீட்டுப் பிள்ளைகள் சுமார் 1,400 பேரைச் சந்தித்து ஓர் அறிக்கை தந்தார்கள். கிராமங்களில் ஒழுங்காக ஆன்லைனில் படித்தவர்கள் 8 சதவிகிதம். அறவே படிக்காதவர்கள் 37 சதவிகிதம். வீட்டில் ஸ்மார்ட்போன் இருந்தாலும் அது காலையில் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். இரவு அவர் திரும்பும்போது டேட்டா தீர்ந்திருக்கும், பிள்ளை தூங்கியிருக்கும்.

2021 நவம்பரில் மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்த பிள்ளையை நினைத்துப் பாருங்கள். அது கடைசியாகப் பள்ளியைப் பார்த்தது ஒன்றாம் வகுப்பில். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கிய நேரத்தில் பள்ளி மூடியது. இப்போது கையில் கொடுக்கப்படுவது மூன்றாம் வகுப்புப் புத்தகம். அதற்கு அடுத்த வரிசையில், இரண்டாம் வகுப்பில் உட்கார்ந்திருந்த பிள்ளைக்கோ அதுதான் வாழ்க்கையில் முதல் பள்ளி நாள். ஆல் பாஸ் என்று அரசாங்கம் வகுப்பைத் தாண்டவிட்டது. ககர வரிசை தாண்டவில்லை.

2022இல் 'அசர்' ஆய்வு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிப் பார்த்தது. இந்தியக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளில், இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் தடுமாறாமல் வாசித்தவர்கள் 2018இல் 27.3 சதவிகிதம். 2022இல் 20.5. தமிழ்நாட்டில் 10.2 ஆக இருந்தது 4.8 ஆகப் பாதிக்கும் கீழே இறங்கியது. உலக வங்கி, யுனெஸ்கோ, யுனிசெஃப் மூன்றும் சேர்ந்து 2022 ஜூனில் வெளியிட்ட மதிப்பீடு இதையே உலக அளவில் சொன்னது. ஏழை, நடுத்தர வருமான நாடுகளில் 10 வயதிலும் ஓர் எளிய கதையைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பிள்ளைகள் தொற்றுக்கு முன் 57 சதவிகிதம். தொற்றுக்குப் பின் 70.

திண்ணையில் ஏற்றிய விளக்கு

இழந்ததை மீட்க முடியுமா? முடியும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சான்று இருக்கிறது.

2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' என்ற தமிழக அரசுத் திட்டம் தொடங்கப்பட்டது. மாலை 5 மணிக்குமேல் 7 மணிக்குள், ஒரு மணி நேரம் முதல் ஒன்றரை மணி நேரம். ஒரு தெருவுக்கு ஒரு தன்னார்வலர், 20 பிள்ளைகளுக்குள். சம்பளம் என்று இல்லை. மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை. சுமார் 2 லட்சம் பேர் சேர்ந்தார்கள். மிகப் பெரும்பாலோர் பெண்கள். டிகிரி முடித்துவிட்டு கல்யாணமாகி வீட்டில் இருந்தவர்கள், கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தவர்கள். கோயில் மண்டபம், வீட்டுத் திண்ணை, சமுதாயக் கூடம் எல்லாம் வகுப்பறை ஆயின. பாயை விரித்து, சாக்குக்கட்டியால் தரையிலேயே எழுத்தைப் போட்டு, பாட்டும் கதையுமாகச் சொல்லிக்கொடுத்தார்கள். பிள்ளையின் அம்மாவுக்குத் தெரிந்த அக்கா. வராவிட்டால் வீட்டுக்கே வந்து கூப்பிடும் அக்கா.

இதில் எவ்வளவு பலன் கிடைத்தது என்பதை அளந்தவர்கள் இருக்கிறார்கள். கார்த்திக் முரளிதரன், அபிஜித் சிங், மொரிசியோ ரொமேரோ ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் தமிழ்நாட்டுக் கிராமங்களில் சுமார் 19,000 பிள்ளைகளைச் சோதித்தார்கள். அதே ஊர்களில் 2019இல் அதே வயதில் இருந்த பிள்ளைகளோடு ஒப்பிட்டால், 2021 டிசம்பரில் கணக்கில் பெரும் பள்ளம். தமிழிலும் பள்ளம்தான், ஆனால் கணக்கில் ஏற்பட்டதில் பாதி. வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். வாய்ப்பாடு யார் பேசுகிறார்கள்? பள்ளி திறந்த ஆறு மாதத்துக்குள் அந்தப் பள்ளத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிரம்பிவிட்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, இல்லம் தேடிக் கல்வியால் வந்தது. ஏழை வீட்டுப் பிள்ளைகளே அந்த வகுப்புக்கு அதிகம் போனதால், பலனும் அவர்களிடமே அதிகம் சேர்ந்தது.

ஆப்பிரிக்காவிலும் இதைப் போல ஓர் ஒளிக்கீற்று உண்டு. போட்ஸ்வானாவில் 2020இல் பள்ளி மூடிய சில வாரங்களில் சுமார் 4,500 குடும்பங்களில் ஒரு சோதனை நடந்தது. கேட்டால் சாதாரணமாக இருக்கும். வாரம் ஒருமுறை பெற்றோரின் போனுக்குக் குறுஞ்செய்தியில் சில கணக்குகள் வரும். பிறகு ஆசிரியர் கூப்பிடுவார். ஸ்பீக்கரில் போடச் சொல்லி, அம்மா பக்கத்தில் இருக்க, பிள்ளையோடு சுமார் 20 நிமிடம் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார். ஸ்மார்ட்போன் வேண்டாம், இணையம் வேண்டாம், பழைய பட்டன் போன் போதும். குறுஞ்செய்தி மட்டும் போன வீடுகளில் பெரிய மாற்றமில்லை. ஆசிரியரின் குரலும் போய்ச் சேர்ந்த வீடுகளில் பிள்ளைகள் தெளிவாக முன்னேறினார்கள். பின்னர் உகாண்டா, கென்யா, இந்தியா, நேபாளம், பிலிப்பைன்ஸ் ஆகிய ஐந்து நாடுகளிலும் இதைச் செய்து பார்த்தார்கள். பலன் கிடைத்தது.

உகாண்டா அரசு 2020இல் வீட்டுக்கு ஒரு வானொலிப் பெட்டி தருவதாகத் திட்டம் போட்டது. பிள்ளைகள் அதற்காகக் காத்திருந்த நாட்களில், அம்மாவின் கையில் ஏற்கெனவே இருந்த போன் ஒரு வகுப்பறையாகியிருக்க முடியும்.

அடுத்த முறை

சில அச்சங்கள் முழுதாகப் பலிக்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும். 2020 தொடக்கத்தில் உலகில் குழந்தைத் தொழிலாளர் 16 கோடி. தொற்றால் இன்னும் 90 லட்சம் பேர் சேரக்கூடும் என்று 2021இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பும் யுனிசெஃபும் எச்சரித்தன. 2024ஆம் ஆண்டுக்கான கணக்கில் அது 13.8 கோடியாகக் குறைந்திருக்கிறது. இந்தியக் கிராமங்களில் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளின் வாசிப்பு 2024இல் 27.1 சதவிகிதத்துக்கு வந்து பழைய நிலையைத் தொட்டுவிட்டது. தமிழ்நாடு தன் 2018 நிலையைத் தாண்டியும் விட்டது. தேடிப்போனால் மீட்கலாம் என்பதற்கு இவை சாட்சி.

எல்லாம் மீளவில்லை. ஒரு தடுப்பூசிகூடப் போடாத குழந்தைகள் 2019இல் 1.29 கோடி. 2024இல் அது 1.43 கோடி. 2020இல் கல்யாணம் பண்ணிவைக்கப்பட்ட 15 வயதுப் பெண்ணை எந்தத் திட்டமும் வகுப்பில் திரும்ப உட்கார வைக்கவில்லை. மூன்றாம் வகுப்பின் சராசரி மீண்டது என்றால், அது இப்போது மூன்றாம் வகுப்பில் இருக்கும் புதிய பிள்ளைகளின் சராசரி. 19 மாதம் வீட்டில் இருந்த பிள்ளைகள் வகுப்பு வகுப்பாக மேலே போய்க்கொண்டே இருக்கிறார்கள்.

இன்னொரு கிருமி வரும். எப்போது என்பது மட்டும்தான் தெரியாது. அன்றைக்கு மூட வேண்டியவற்றின் பட்டியல் போடும் அதிகாரி, பள்ளியைக் கடைசி வரியில் எழுத வேண்டும். திறக்க வேண்டியவற்றின் பட்டியலில் அதையே முதல் வரியில் எழுத வேண்டும். மூடித்தான் ஆக வேண்டும் என்றால், சமையல்கூடம் மறுநாளும் எரிய வேண்டும். ஊசி போடும் செவிலியரை வேறு வேலைக்கு அனுப்பக்கூடாது. ஒவ்வொரு ஆசிரியர் கையிலும் தன் பிள்ளைகளின் வீட்டு போன் எண்கள் இருக்க வேண்டும். இதில் எதற்கும் புதிதாக எதையும் கண்டுபிடிக்கத் தேவையில்லை.

அதுவரை செய்ய வேண்டிய வேலை ஒன்று நம் ஊரிலேயே பாக்கி இருக்கிறது. 2020 மார்ச்சில் தமிழ்நாட்டில் ஒன்றாம் வகுப்பில் எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தபோது வீட்டுக்கு அனுப்பப்பட்ட பிள்ளைகள், 2029இல் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு எழுதுவார்கள். அடுத்த ஆண்டு, 2030இல், முதல் பள்ளி நாளே இரண்டாம் வகுப்பில் அமைந்த பிள்ளைகள் எழுதுவார்கள்.